மேலேயிருந்து பார்த்தால் புதர்

1

என் மாமனார் இறந்த திதி, தீபாவளி கழிந்து சில நாட்களில் வரும். இந்த முறை நானும் என் கணவரும் பூசைச் சாமான்களோடு தோட்டத்துக் குன்றில் ஏறியபோது, மாமனாரின் மரத்தடியில் ஒரு முளைக்குச்சி அடிக்கப்பட்டிருந்தது. அதன் தலையில் சிவப்புச் சாயம் பூசி, கீழே ஏதோ ஓர் எண்ணை எழுதியிருந்தார்கள். சற்றுத் தள்ளி இன்னொன்று. அதற்கப்பால் மூன்றாவது. மூன்றும் ஒரே நேர்கோட்டில் நின்றன.

கணவர் மணியம் தேங்காயைக் கீழே வைத்தார்.

"யாரு லா இது, அப்பா தலமாட்டுல குச்சி நட்டது?"

அவர் குரலை உயர்த்துகிற ஆள் இல்லை. குச்சியைப் பிடுங்கினார், மண்ணைத் தட்டினார், பையில் போட்டுக்கொண்டார். மற்ற இரண்டையும் நான் பிடுங்கினேன். அதன் பிறகுதான் கற்பூரம் ஏற்றினோம்.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு இடத்தைச் சொல்லிவிட வேண்டும். நான் இருப்பது மலேசியாவில், பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில், ரிங்லெட் என்ற சிற்றூரில். தாப்பாவிலிருந்து மலையேறும் பேருந்து முதலில் நிற்கும் ஊர். பேச்சில் வரும் 'லா' இங்கத்து வழக்கு, அழுத்தத்துக்காகச் சேர்ப்பது. திருமணத்துக்கு முன்பு திருநெல்வேலியில் ஒரு நாளிதழில் துணையாசிரியராக இருந்தேன். மணியம் இங்கே தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், பிறந்தவர். இப்போது சொந்தமாக ஒரு லோரி வைத்துப் பூவும் காய்கறியும் ஏற்றுகிறார். அவருடைய அப்பாவும் அம்மாவும் அந்தக் குன்றில்தான் இருக்கிறார்கள்.

2

தேயிலைச் செடியை நீங்கள் படங்களில் இடுப்பளவு உயரத்தில்தான் பார்த்திருப்பீர்கள். அது அந்தச் செடியின் குணம் அல்ல. கொழுந்து பறிக்க வசதியாக, ஆண்டாண்டாக வெட்டி வெட்டி அந்த உயரத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வெட்டாமல் விட்டால் அது மரமாகும். வீட்டுக் கூரையைத் தாண்டி வளரும். நடுவில் மஞ்சள் வைத்த சின்ன வெள்ளைப் பூ பூக்கும். வேலை செய்கிற செடிக்குப் பூக்க நேரம் கிடைப்பதில்லை.

இந்தத் தோட்டத்தில் ஒருவரைப் புதைத்தால் தலைமாட்டில் ஒரு தேயிலை நாற்றை நடுவார்கள். அதை யாரும் வெட்டக் கூடாது. அதிலிருந்து ஒரு கொழுந்துகூட எடுக்கக் கூடாது. கல்லறைக் கல் கிடையாது, பெயர்ப் பலகை கிடையாது. யாருடைய மரம் எது என்று அந்தந்தக் குடும்பத்துக்குத் தெரியும். நினைவு நாளில் மரத்தைச் சுற்றி ஒரு வெள்ளைத் துணியைக் கட்டிவிட்டு வருவார்கள். கொழுந்து வெட்டும் இயந்திரத்தோடு வருகிற கூட்டம் அந்தக் குன்றின் கீழ்விளிம்போடு நின்று திரும்பிவிடும். இப்போது தோட்ட வேலைக்குப் பெரும்பாலும் வங்காளதேசத்து இளைஞர்கள்தான் வருகிறார்கள். அவர்களும் அந்தப் பக்கம் கத்தியைக் கொண்டுபோவதில்லை. யாரும் அவர்களை மிரட்டவில்லை. ஒருமுறை சொன்னார்கள், கேட்டுக்கொண்டார்கள்.

நான் வந்த புதிதில் இந்தப் பழக்கத்தின் காரணத்தை லெட்சுமி அக்காவிடம் கேட்டேன். செய்தியாளர் புத்தி. அக்கா கொழுந்து எடுக்கும் கூட்டத்துக்கு மேற்பார்வை. அவருடைய கணவரும் குன்றில் இருக்கிறார். அன்று நான் அவரிடம் இன்னும் சரியாகப் பழகவில்லை. அவர் "பசியாறிட்டியா?" என்று கேட்டதற்கு, "பசியே இல்லை" என்று சொல்லி அவரைச் சிரிக்க வைத்திருந்தேன். இங்கே பசியாறுவது என்றால் காலைச் சாப்பாடு.

"காரணமா?" என்றார். "இருக்குற வரைக்கும் அத வெட்டிக்கிட்டே இருந்தோம்ல. செத்த பின்னாடியாச்சும் ஒண்ணு வளரட்டுமேன்னுதான்."

வேறு விளக்கம் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை. தேவைப்படவும் இல்லை.

3

குச்சியைப் பிடுங்கிய இரண்டாம் நாள் தோட்டத்து உதவி மேலாளர் குமரன் லயத்துக்கு வந்தார். ஈப்போக்காரர், இளைஞர், மரியாதை தெரிந்தவர். லயத்தில் அவர் பெயர் சின்னத்துரை. வெள்ளைக்காரர்கள் போய் எத்தனையோ காலம் ஆகியும் அந்தப் பட்டம் மட்டும் போகவில்லை. லெட்சுமி அக்கா வீட்டு வாசலில் நாங்கள் உட்கார்ந்திருந்தோம்.

"அக்கா, மேல சர்வே குச்சி நட்டிருந்தாங்க. யாரு புடுங்குனா?"

"காட்டுப்பன்னி," என்றார் அக்கா.

"மூணையுமா?"

"குடும்பத்தோட வந்துச்சு துரை."

குமரன் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார். பிறகு விஷயத்தைச் சொன்னார். தோட்ட நிர்வாகம் அந்தக் குன்றின் தலையை ஒரு விண்வெளி நிறுவனத்துக்கு நீண்ட காலக் குத்தகைக்குக் கொடுக்கப் பேசிக்கொண்டிருக்கிறது. செயற்கைக்கோள்கள் மேலே போகும்போது அவற்றோடு பேச, அவை எடுத்த படங்களை இறக்கிக்கொள்ள, தரையில் ஒரு நிலையம் வேண்டும். பெரிய வெள்ளைத் தட்டுகள், அவற்றைச் சுற்றி வேலி, ஒரு சிறிய கட்டடம். நிலநடுக்கோட்டுக்குப் பக்கம், உயரமான இடம், சுற்றிலும் அலைபேசிக் கோபுரங்களின் இரைச்சல் குறைவு. எல்லாம் பொருந்தி வந்திருக்கிறது. குன்றின் தலையைச் சமப்படுத்தினால் போதும்.

"சமப்படுத்துறதுன்னா?" என்று கேட்டார் மணியம்.

குமரன் கையிலிருந்த பலகைக் கணினியைத் திருப்பிக் காட்டினார். தோட்டம் முழுவதும் மேலேயிருந்து எடுத்த படம். சீப்பு வைத்து வாரியதைப் போன்ற பச்சைக் கோடுகள் தேயிலை. பக்கத்து மலையில் வெள்ளை வெள்ளையாகப் பளபளப்பவை காய்கறிக்காரர்களின் பிளாஸ்டிக் கூடாரங்கள். செம்மண் நிறத்தில் பாதைகள். ஒவ்வொன்றின் மேலும் மலாயில் பெயர் எழுதி நிறம் தீட்டியிருந்தது. குன்றின் தலையில் கரும்பச்சையாக ஒரு திட்டு. அதன் மேல் 'பெலுக்கார்' என்று எழுதியிருந்தது. பெலுக்கார் என்றால் கைவிட்ட நிலத்தில் தானாக முளைத்த புதர்க்காடு.

மணியம் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இதுல எங்கப்பா எங்க இருக்காரு?"

"அண்ணே, நான் என்ன செய்ய. இது மேலேருந்து வந்த முடிவு லா."

"எந்த மேல?" என்றார் லெட்சுமி அக்கா. "கோலாலம்பூரா, அதுக்கும் மேலயா?"

4

இந்த இடத்தில் ஊர்க் கதை கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. காரணம், எனக்கும் விண்வெளிக்கும் உள்ள உறவு இந்தக் குன்றில் தொடங்கவில்லை.

நான் பிறந்தது திருச்செந்தூருக்குத் தெற்கே, கடற்கரையை ஒட்டிய தேரிக்காட்டு ஊர். செம்மணல், பனை, முள். அந்தப் பக்கத்தில்தான் இப்போது புதிய ராக்கெட் ஏவுதளம் எழும்பிக்கொண்டிருக்கிறது. சிறிய செயற்கைக்கோள்களை அங்கிருந்து நேராகத் தெற்கே அனுப்பலாம், வழியில் எந்த நாடும் குறுக்கிடாது, கடல் மட்டும்தான். எரிபொருள் மிச்சம், அதனால் செலவும் மிச்சம். பத்திரிகையில் இருந்தபோது, இந்தத் திட்டம் வெறும் பேச்சாக இருந்த காலத்திலேயே, அதைப் பற்றிய செய்திகள் என் மேசைக்கு வரும். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இப்போதும் பெருமைதான். ராக்கெட்டைக் கண்டால் முகம் சுளிக்கிற கூட்டத்தில் நான் இல்லை.

என் தம்பி முத்து அங்கே சாலையோரத்தில் கடை வைத்திருக்கிறான். முன்பு கருப்பட்டியும் பதநீரும் விற்றான். இப்போது கட்டுமானத் தொழிலாளர்களுக்குப் பரோட்டா போடுகிறான். நல்ல வியாபாரம். அவன் பிள்ளை பொறியியல் படிக்கிறது. போனில் பேசும்போதெல்லாம் ஒரே அழைப்புதான்.

"யக்கா, மொத ராக்கெட்டு போறதுக்கு வந்துரு. நம்ம மொட்ட மாடில நின்னே பாக்கலாம். அங்கன கெடந்து என்னத்த பண்ணுத?"

இந்தக் குன்றின் கதையை அவனிடம் சொன்னேன்.

"இங்கயும் அப்படித்தான்க்கா சொன்னாவ," என்றான். "தரிசுன்னு. நம்ம மாமா வீட்டுப் பனையெல்லாம் அந்தத் தரிசுலதான நின்னுச்சு. பணம் குடுத்தாவ, வாங்கிட்டோம், அது வேற. ஆனா தரிசுன்னு ஏன் சொல்லணும்?"

தம்பி படித்தவன் இல்லை என்றெல்லாம் எழுதி அவனை உயர்த்தப் போவதில்லை. அவன் பி.காம். ஆனால் அவன் கேட்டதுதான் சரியான கேள்வி. விண்வெளித் தொழில் என்று இன்று உலகம் முழுவதும் பேசுகிறார்கள். முதலீடு, தனியார் நிறுவனங்கள், நிலவு, அதற்கப்பால். ஆனால் அந்தத் தொழிலில் ஒவ்வொன்றும் தரையில்தான் தொடங்குகிறது, தரையில்தான் முடிகிறது. ஏற்றிவிட ஓர் இடம் வேண்டும், இறக்கிக்கொள்ள ஓர் இடம் வேண்டும். அந்த இடம் எப்போதும் 'காலி' என்றுதான் கோப்பில் எழுதப்படுகிறது. நான் பிறந்த ஊரிலிருந்து ஏறும் கோள், நான் வாழ்க்கைப்பட்ட ஊரைப் பார்த்துப் புதர் என்று சொல்லக்கூடும். இரண்டு முனையிலும் என் குடும்பம் நிற்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

5

இரண்டு முனை என்றேன். மூன்றாவது ஒரு முனையும் உண்டு. அது என் மகள்.

தர்ஷினி கோலாலம்பூரில் வேலை பார்க்கிறாள். செயற்கைக்கோள் படங்களை வாங்கி, எந்த நிலத்தில் என்ன இருக்கிறது என்று பிரித்துச் சொல்லும் நிறுவனம். காப்பீட்டுக்காரர்களும் செம்பனை என்கிற எண்ணெய்ப்பனைத் தோட்டக்காரர்களும் வாடிக்கையாளர்கள். பிரிக்கிற வேலையைக் கணினி செய்யும். கணினி தடுமாறுகிற இடங்களை இவளைப் போன்றவர்கள் சரிபார்ப்பார்கள்.

எங்களுக்குள் கடிதப் போக்குவரத்து எப்படி என்றால், அவள் ஆங்கில எழுத்தில் தமிழை அனுப்புவாள். நான் தமிழ் எழுத்தில் பதில் அனுப்புவேன். அதைக் கைப்பேசியை வாசிக்கச் சொல்லிக் கேட்பாள். ஒரு பெண்ணின் இயந்திரக் குரலில் என் கண்டிப்பும் கொஞ்சலும் ஒரே சுதியில் அவள் காதில் விழும். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் படித்த பிள்ளை. கேட்டால், "எழுத்து மறக்கல மா, ஸ்லோவா இருக்கு" என்பாள். நான் அதைப் பற்றிப் புலம்புவதை நிறுத்திவிட்டேன். புலம்பினால் குரல் ஒரே சுதியில்தானே போகும்.

இந்த விஷயத்தை எழுதி அனுப்பவில்லை. போன் செய்து சொன்னேன்.

"மேப்ல கீழ் மூலைல கம்பெனி பேரு இருக்குமே, என்னா போட்டிருக்கு?" என்று கேட்டாள்.

குமரனிடம் வாங்கியிருந்த படத்தைப் பார்த்துப் படித்தேன்.

"எங்க கம்பெனிதான் மா."

நான் படத்தை மேசையில் கவிழ்த்து வைத்தேன்.

"நான் செய்யல," என்றாள். "வேற டீம். ஆனா என்கிட்ட வந்திருந்தாலும் நான் பெலுக்கார்னுதான் போட்டிருப்பேன். ஒசரம் ஒரே மாதிரி இல்ல, வெட்டுன கோடு இல்ல, பல வருசமா யாரும் தொடல. மெஷின் தப்பா சொல்லல மா."

"உங்க தாத்தா அங்க இருக்காரு."

"எனக்குத் தெரியும். படத்துக்குத் தெரியாதுல்ல."

"அப்ப திருத்து."

"அம்மா, திருத்தம் போடணும்னா படத்துல தெரியணும். எங்கம்மா சொன்னாங்கன்னு ரிமார்க் எழுத முடியாது லா." பிறகு குரலைத் தணித்தாள். "மழை முடிஞ்சதும் புதுப் படம் ஒண்ணு வாங்குவாங்க. அதப் பாத்துட்டுத்தான் குத்தகைக் கையெழுத்து. அதுல ஏதாச்சும் தெரிஞ்சா, நான் பேசலாம்."

6

மாவட்டத் தலைநகரான தானா ராத்தாவில் நில அலுவலகத்துக்கு நானும் மணியமும் லெட்சுமி அக்காவும் போனோம். மனுவில் லயத்துக் குடும்பங்கள் எல்லாம் கையெழுத்திட்டிருந்தன. நானும் இட்டிருந்தேன். மணியத்துக்கு அது பிடிக்கவில்லை. எல்லோரிடமும் இருப்பது நீல அட்டை, குடிமக்களின் அட்டை. என்னிடம் இருப்பது சிவப்பு, நிரந்தரவாசியின் அட்டை. அதை வாங்க எத்தனை கவுன்டர்களில் நின்றேன் என்பது அவருக்குத் தெரியும், எல்லாவற்றிலும் அவரும் கூடவே நின்றவர். அந்த அட்டைக்கு ஏதும் ஆகிவிடுமோ என்பது அவர் கவலை.

"உனக்கு எதுக்கு? நாங்க போட்டா போதாதா?"

"நாளைக்கு நானும் அந்தக் குன்றுக்குத்தான போகணும்," என்றேன். "எந்த அட்டைய வச்சிக்கிட்டு?"

அவர் மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

கவுன்டரில் இருந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டார். நான் என் மலாயில் விளக்கினேன். இத்தனை ஆண்டுகள் ஆகியும் என் மலாய் திருநெல்வேலி வாக்கிய அமைப்பில்தான் வெளிவருகிறது. அங்கே இறந்தவர்களைப் புதைத்திருக்கிறோம் என்று சொல்ல வந்தவள், இறந்தவர்கள் அங்கே குடியிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன். அதிகாரி ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார். என் தவறு எனக்குப் புரிந்தது. திருத்தவில்லை.

வரைபடத்தில் அது தேயிலை நிலம் என்றார். இடுகாடு என்று பதிவு இல்லை. மனுவை மேலே அனுப்புவதாகச் சொல்லி முத்திரை குத்திக் கொடுத்தார். அவர் செய்யக்கூடியது அதுதான், அதைச் செய்தார்.

அன்று மாலை குமரன் ஒரு யோசனையோடு வந்தார். உண்மையாகவே உதவ நினைத்துத்தான் வந்தார் என்று எழுதிவைக்கிறேன்.

"மரமெல்லாம் இடுப்பளவுக்கு வெட்டிருவோம்க்கா. வெட்டுனா கீழ இருக்குற மேடெல்லாம் வரிசையா தெரியும். அடுத்த படத்துல பளிச்சுனு விழும். நானே ஆள் அனுப்புறேன். ஒரே நாள் வேலை. அப்புறம் மறுபடி வளந்துக்கும்."

தர்க்கத்தில் குறை இல்லை. நான் ஒரு நிமிடம் சரி என்றுகூட நினைத்தேன். லெட்சுமி அக்கா முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தார்.

"எம் புருசன் இந்தத் தோட்டத்துல நாப்பது வருசம் குனிஞ்சு நின்னாரு. இப்பதான் நிமுந்து நிக்கிறாரு. அத வெட்டி, இங்கதான் இருக்காருன்னு காட்டணுமா? வெட்ட மாட்டோம் துரை. வேற வழி இருந்தா சொல்லுங்க. இல்லன்னா டீ குடிச்சிட்டுப் போங்க."

குமரன் டீ குடித்துவிட்டுப் போனார்.

7

வழியைக் கண்டது மணியம். அவர் அதைப் பெரிய யோசனையாகச் சொல்லவில்லை. குமரன் கொடுத்த படத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, சோற்றைப் பிசைந்தபடியே, "இதுல நல்லாத் தெரியிறது என்னான்னு பாரு," என்றார்.

நல்லாத் தெரிந்தது காய்கறிக்காரர்களின் பிளாஸ்டிக்.

கேமரன் மலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மழையில் செடி அழுகாமல் இருக்கப் பூவுக்கும் கீரைக்கும் தக்காளிக்கும் மேலே பிளாஸ்டிக் கூடாரம் போடுவார்கள். வெயிலில் பழுத்துக் கிழிந்தால் மாற்றுவார்கள். கழித்த சுருள்கள் தோட்டத்து மூலைகளில் குவிந்து கிடக்கும். மணியம் கியா பார்ம் என்ற காய்கறித் தோட்ட ஊருக்குச் சரக்கு ஏற்றப் போனபோதெல்லாம் பழைய பிளாஸ்டிக்கைக் கேட்டார். எதற்கு என்று கேட்டவர்களிடம் உண்மையைச் சொன்னார். அந்தக் காய்கறிக்காரர்களில் பாதிப் பேருடைய பெற்றோரும் ஏதாவது ஒரு குன்றில் இருப்பவர்கள்தான். கேட்டதைவிட அதிகமாக ஏற்றிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை லயமே குன்றில் இருந்தது. ஆளுயர அகலத்துக்குப் பட்டை பட்டையாக வெட்டி, குன்றின் தலையைச் சுற்றி நான்கு பக்கமும் நேராக விரித்தோம். மேலே கல் வைத்தோம். மரங்களைத் தொடவில்லை. மரங்களுக்கு நடுவே, ஆட்கள் நடந்து போகிற பாதை நெடுக இன்னொரு பட்டை. முடித்துவிட்டுக் கீழே இறங்கி எதிர்க் குன்றிலிருந்து பார்த்தேன். கரும்பச்சைக்கு வெள்ளையில் சட்டம் போட்ட மாதிரி இருந்தது. புதர்க்காடு தானாக நேர்கோட்டில் நின்றுகொள்ளாது. யாருக்கும் அது புரியும்.

மூன்றாம் நாள் காற்று பாதியைப் பிய்த்துக்கொண்டு போனது. கூடுதல் கல் வைத்தோம். வடகிழக்கு மழை மேல்பக்கப் பட்டையை மண்ணோடு மூடியது. தோண்டி எடுத்துக் கழுவி விரித்தோம். மறுபடி மூடியது. மறுபடி கழுவினோம். கொழுந்து நிறுவை முடிந்ததும் பெண்கள் வாளியோடு மேலே போவது வழக்கமாகிவிட்டது. வங்காளதேசத்து இளைஞன் ஒருவன் மூங்கில் முளை சீவிக் கொண்டுவந்து மூலைகளில் அடித்தான். அதன் தலையில் சிவப்புச் சாயம் இல்லை.

குமரன் இந்த முறை சிரித்த முகத்தோடு வரவில்லை.

"அக்கா, மேனேஜர் கோவமா இருக்காரு. குப்பை கொட்டுறாங்கன்னு ரிப்போர்ட் போட்டிருக்கு. எடுக்கச் சொல்றாரு."

"குப்பையக் கழுவி வைக்கிற எடத்த எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா துரை?"

"வெளையாடாதீங்க. நீங்க இருக்குறது தோட்டத்து வீடு. நோட்டீஸ் குடுக்கச் சொன்னா நான்தான் கொண்டாந்து குடுக்கணும். எனக்கு அது வேணாம்க்கா."

அந்த வீட்டில்தான் அக்கா பிறந்தார், அந்த வீட்டிலிருந்துதான் கணவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவருக்குச் சொந்தமாக வேறு வீடு இல்லை. குமரனுக்கும் அது தெரியும். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீடு ஒங்களது," என்றார் அக்கா. "எடுத்துக்குங்க. சாமான இன்னிக்கே கட்டச் சொன்னாலும் கட்டிர்றேன். மேல இருக்குறது ஒங்களது இல்ல. அதுக்கு நோட்டீஸ் குடுக்கணும்னா மேல போயி அவருகிட்ட குடுங்க."

நோட்டீஸ் வரவில்லை. குமரன் மேலாளரிடம் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. ஊகித்து எழுதுவது என் பழக்கம் இல்லை.

8

தைப்பூசத்துக்குத் தர்ஷினி வந்தாள். திருவிழா முடிந்தும் கிளம்பவில்லை. விடுப்பை நீட்டியிருப்பதாகச் சொன்னாள்.

"எதுக்கு?" என்று கேட்டேன்.

"சும்மா மா. வெயில் நல்லா இருக்கு."

செய்தி தருகிறவரைக் குடைந்து கேட்கக் கூடாது என்பது என் பழைய தொழிலில் கற்றது. கேட்கவில்லை.

மறுநாள் விடிந்ததுமே, "பாட்டி தாத்தாவப் பாத்துட்டு வருவோமாப்பா?" என்று அப்பாவிடம் கேட்டாள். மணியம் லோரிச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டார். போகிற வழியில் லெட்சுமி அக்காவும் சேர்ந்துகொண்டார். யார் யாரிடம் சொன்னார்களோ, கொழுந்துக் கூட்டத்துப் பெண்கள் கூடையோடு வந்தார்கள். லயத்துக் குடும்பங்கள் வந்தன. குன்றின் அடிவாரத்தில் குமரனின் மோட்டார் சைக்கிள் நின்றது. அவர் முதுகைக் காட்டிக்கொண்டு தேயிலையைச் சோதித்துக்கொண்டிருந்தார்.

இந்த மலையில் முற்பகலில் மேகம் ஏறும். பள்ளத்தாக்கிலிருந்து புகையாகக் கிளம்பி, எட்டிப் பார்க்கும் நேரத்துக்குள் மூடிவிடும். தர்ஷினி வானத்தைப் பார்க்கவில்லை, பள்ளத்தாக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே இருக்கும் அணை ஏரிக்கு மேல் மேகம் வெள்ளையாகக் கிளம்பியது. எதிர்மலையின் பாதியை விழுங்கியது. அங்கேயே தயங்கி நின்றது.

"எல்லாரும் ஓரமா நில்லுங்க," என்றாள். "மரத்துக்குக் கீழ வேணாம். வெள்ளப் பட்ட மேல நில்லுங்க."

பட்டையின் மேல் வரிசையாக நின்றோம். அவள் தாத்தாவின் மரத்துக்கு நேரே போய் நின்றாள். தலைக்கு மேலே நீலம். எதுவும் தெரியவில்லை, எந்தச் சத்தமும் கேட்கவில்லை. எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு நாள் ஏறப்போவதைப் போன்ற ஏதோ ஒன்று மேலே கடந்துகொண்டிருந்தது. ஒருவரும் கையசைக்கவில்லை. மறைத்துக்கொள்ளவும் இல்லை.

சில வாரங்கள் கழித்து அவள் படத்தைக் கைப்பேசியில் அனுப்பினாள். வெள்ளைச் சட்டம் கோணல் இல்லாமல் விழுந்திருந்தது. கணினி அதைப் பார்த்து 'காய்கறித் தோட்டம்' என்று பெயர் போட்டிருந்தது. லெட்சுமி அக்காவுக்குச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். "அவருக்குக் கத்திரிக்காயே ஆகாது," என்றார்.

சட்டத்தின் விளிம்பில் சின்னச் சின்னக் கரும்புள்ளிகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு நிழல்கோடு. அவை நாங்கள். தர்ஷினி அந்தப் புள்ளிகளையும் மரங்களின் வரிசையையும் கோடிட்டுக் காட்டித் திருத்தம் கேட்டிருக்கிறாள். அவர்கள் நிறுவனத்தின் பட்டியலில் தேயிலை, செம்பனை, காடு, புதர், கூடாரம், கட்டடம் எல்லாம் இருந்தன. இடுகாடு இல்லை. தோட்டங்களைப் படம் பிடிக்கிறவர்களுக்குத் தோட்டத்தில் ஆட்கள் இறப்பார்கள் என்று யாரும் சொல்லவில்லை போலும். அவள் பேசி, ஒரு புது வகையைச் சேர்க்க வைத்தாள். இனி இந்த நாட்டில் எந்தத் தோட்டத்தை அவர்கள் பார்த்தாலும் அந்தப் பெயர் பட்டியலில் இருக்கும். செய்தியோடு ஒரு வரி எழுதியிருந்தாள், தமிழ் எழுத்தில்: 'தாத்தா இருக்காரு மா.'

விண்வெளி நிறுவனம் இப்போது வேறொரு குன்றைப் பார்ப்பதாகக் கேள்வி. எங்கள் குன்றைக் கைவிட்டதாக எழுத்தில் எதுவும் வரவில்லை. ஆகவே வென்றோம் என்று எழுத மாட்டேன். நிலைமை இது, அவ்வளவுதான்.

போன வாரம் குமரன் லயத்துக்கு வந்தார். மணியம் கியா பார்மிலிருந்து புதிதாக ஒரு சுருளை இறக்கிக்கொண்டிருந்தார்.

"அதான் படம் எடுத்தாச்சே அக்கா. இன்னும் எதுக்கு? இனிமே பிளாஸ்டிக்க எடுத்துரலாம்ல."

"அந்தக் கோளு திரும்பவும் வருமா துரை?"

"வரும். அது இல்லன்னா இன்னொண்ணு. இப்பல்லாம் தெனமும் ஏதாச்சும் ஒண்ணு மேல போய்க்கிட்டுத்தான் இருக்கு."

லெட்சுமி அக்கா சுருளின் ஒரு முனையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். மறுமுனையை நான் பிடித்தேன்.

"அப்ப தெனமும் பாக்கட்டும்," என்றார்.